இறங்காத தண்ணீர்

பிப்ரவரி 5, திங்கள்

மில்லில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் லாக் புத்தகம் எழுதியவன் நான். எந்த மோட்டார், என்ன புகார், என்ன காரணம், என்ன செய்தோம். நான்கு வரிக்கு மேல் எழுதினால் இன்ஜினியர் படிக்க மாட்டார். ஓய்வு பெற்று மூன்று வருஷமாக எதையும் எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நிற்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் புண். ஆறு மாதமாக இருக்கிறது. பஞ்சு மில்லுக்குள் பீடி பற்றவைக்க முடியாது, ஒரு பொறி போதும். அதனால் நாங்கள் எல்லோரும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோம். நான் எப்போதும் இடது பக்கம். போன வாரம் மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்க்கும்வரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், பார்த்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். இன்று காலை அந்த இடத்தில் கொஞ்சம் சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு தையல். 16ஆம் தேதி முடிவு சொல்வார்கள். புற்றா இல்லையா என்பதுதான் கேள்வி.

கோமதியிடம் சொல்லவில்லை. பல் பிடுங்கியதாகச் சொல்லிவிட்டேன். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிப் பல் என்று விவரமாகவே சொன்னேன். பொய்யை விவரத்தோடு சொன்னால் கேள்வி வராது. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ராத்திரிச் சோற்றைக் குழைய வடித்து, ரசத்தில் மிளகாய் கிள்ளிப் போடாமல் ஊற்றினாள்.

பதினோரு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலையில் எழுந்தபோது தலையணை உறையின் நடுவில் மிளகு அளவு ரத்தம். தையல் போட்ட இடத்திலிருந்து தூக்கத்தில் கசிந்திருக்க வேண்டும். பல் பிடுங்கினாலும் ரத்தம் வரும்தான். ஆனாலும் அவள் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. கோமதி பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். உறையை உருவிச் சுருட்டி, என் பனியன் நாலோடு சேர்த்து வாஷிங் மெஷினுக்குள் திணித்தேன்.

கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் துணி துவைத்த முதல் நாள் இது. மெஷின் எங்கள் மகள் தேன்மொழி வாங்கிக் கொடுத்தது. ஓசூரில் வேலை பார்க்கிறாள். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த வகை. கோமதி துணி போடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்து, சேலைத் தலைப்பை உதறி, அதற்குப் பிறகுதான் போடுவாள். துணி துவைக்கிறாளா, போலீஸ் சோதனை போடுகிறாளா என்று கிண்டல் செய்வேன். நான் எதையும் உதறவில்லை. சோப்புத் தூளைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினேன்.

முக்கால் மணி நேரம் சுற்றியது. பிறகு தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் உர்ரென்று உறுமிவிட்டு நின்றது. மூன்று தடவை கத்தியது. பாதிக் கண்ணாடி வரை தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது, பூட்டிக்கொள்ளும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான்.

கோமதி வந்தாள். மெஷினைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தாள். "தலகாணி உறைய எங்க?" என்றாள். வேர்வை நாறியது, துவைக்கப் போட்டேன் என்றேன். மெஷின் முன்னால் வந்து குத்தவைத்துக் கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. மெஷின்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 7, புதன்

புகார்: தண்ணீர் இறங்கவில்லை.

கழிவுக் குழாயைத் தரையில் சாய்த்து வாளியில் விட்டேன். சொட்டுச் சொட்டாக வந்தது. நாலு வாளி நிறைய இரண்டரை மணி நேரம். கோமதி கோவிலுக்குப் போகட்டும் என்று காத்திருந்து கதவைத் திறந்தேன்.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். மிளகு அளவு இருந்த ரத்தம் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. நடுவில் இருந்தது மூலைக்குப் போயிருந்தது. செங்கல் நிறம். அந்த மூலையில் தையல் கொஞ்சம் பிரிந்து நூல் தொங்கியது. தண்ணீரில் ஊறியதில் ரத்தம் நகர்ந்து பரவியிருக்கும் என்று முடிவு செய்தேன். பனியன்களிலும் அங்கங்கே அதே நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. அது டிரம்மின் துரு.

உறையைப் பாலிதீன் பையில் சுற்றி என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில், கேபிள் துண்டுகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கோமதி வந்து கேட்டாள். மெஷினில் மாட்டிக் கிழிந்துவிட்டது, குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அவள் உடனே தெருமுனைக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய தலையணை உறைக்கு இந்தப் பாடா என்று நினைத்தேன்.

திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த பனியனை எடுத்து மோந்து பார்த்தாள். துரு என்றேன். "ம்" என்றாள்.

பிப்ரவரி 8, வியாழன்

பிளக், சுவிட்ச், வயர் எல்லாம் பார்த்தாயிற்று. கரண்ட் சரியாக வருகிறது. ஒன்பது நாள் என்று இருந்தது எட்டாகிவிட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

தை கடைசி வெள்ளி. கோமதி விடிவதற்கு முன்பே குளித்து, ஈரத்தலையோடு இருக்கன்குடி அம்மன் கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். இத்தனை வருஷத்தில் தனியாகப் போனதில்லை. என்ன திடீரென்று எனக் கேட்டதற்குச் சும்மா என்றாள். தயிர்சாதத்தைக் கையால் மசித்து, கறிவேப்பிலைகூடப் போடாமல் மூடி வைத்திருந்தாள். பல் வலிக்காரனுக்குக் கறிவேப்பிலை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

நான் மெஷினின் பின் தகட்டைக் கழற்றினேன். பதினாறு திருகு. தண்ணீர் வெளியேற்றும் பம்பின் காயிலைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது, சுற்றவில்லை. மில்லில் இப்படி ஒரு மோட்டார் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, எதில் சிக்கியிருக்கிறது என்பது. இங்கே அதைக் கேட்கத் தோன்றவில்லை. பம்ப் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

பின்பக்கம் நான் குனிந்திருந்தபோது கோமதி கோவிலிலிருந்து திரும்பி வந்து நெற்றியில் திருநீறு இட்டாள். வழக்கமாகத் தட்டிவிடுவேன். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்ததால் விட்டுவிட்டேன். உன் அம்மனுக்கு மெஷின் ரிப்பேர் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 10, சனி

ஒரு தையல் தானாக விழுந்தது. தண்ணீர் குடித்தால் சுரீரென்கிறது. மெஷினைத் தொடவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தேன்மொழி போனில் பேசினாள். கம்பெனிக்காரர்களைக் கூப்பிடு, அப்பாவை நம்பி இருந்தால் அடுத்த தீபாவளிதான் என்று அம்மாவிடம் சொன்னாள். கோமதி எனக்காக வாதாடினாள். "அவரு செய்யட்டும், கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்" என்றாள். இதை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று பிறகு யோசித்தேன். யோசித்து ஒன்றும் ஆகவில்லை.

ஐந்து நாளாகக் கையால்தான் துவைக்கிறாள். அறுபதை எட்டப்போகிறவள். பின்வாசல் கல்லில் அவள் அடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

வேறு ஏதோ தேடிக்கொண்டும் இருக்கிறாள். மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறாள். அழுக்குக் கூடையைக் கவிழ்க்கிறாள். மத்தியானம் என் தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். என்ன தொலைந்தது என்றேன். பஞ்சு கட்டி கட்டியாக இருக்கிறது, உங்களுக்குக் கழுத்து வலிக்கும் என்றாள். கண் கலங்கியிருந்தது. பஞ்சுத் தூசி கண்ணில் பட்டால் அப்படித்தான் ஆகும். மில்லில் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

செந்தூரானுக்குப் போன் செய்தேன். மில்லில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். இப்போது சாத்தூரில் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பம்ப் வேண்டும் என்றேன்.

"அண்ணாச்சி, கீழ சின்னதா ஒரு மூடி இருக்கும்ல, அதுக்குள்ள பில்டர். அதத் திறந்து பாத்தீகளா?" என்று கேட்டான்.

பார்த்தாச்சு என்றேன். பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நூற்றைம்பது குதிரைத்திறன் மோட்டாருக்குக் காயில் கட்டியவன், அடியில் இருக்கும் குப்பை மூடியையா முதலில் திறப்பான்? அது வீட்டில் இருப்பவர்கள் சுத்தம் செய்வதற்காக வைத்தது. அவன் கேட்ட தொனியே எனக்குப் பிடிக்கவில்லை. பம்ப் சனிக்கிழமை வரும் என்றான். சனி என்றால் 17. அதற்குள் 16 வந்துவிடும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பயமாக இருக்கிறது. லாக் புத்தகத்தில் இப்படி எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

கோமதி பின்வாசலில் துவைத்துக்கொண்டிருந்தாள். டூல்ஸ் பெட்டியைத் திறந்து உறையை எடுத்தேன். அந்தக் கறை பெட்டிக்குள் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. ஒரு வாரமாக ராத்திரி முழுக்க நாக்கால் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், அவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்தது என்று. எலுமிச்சைக்கு எந்தக் கறையும் போகும் என்பார்கள். அரை மூடி பிழிந்து தேய்த்தேன்.

தேய்த்த இடம் மஞ்சளாகிவிட்டது.

ரத்தம் எலுமிச்சையில் மஞ்சளாகாது. மோந்து பார்த்தேன். சோப்பு வாசத்துக்கு அடியில் மஞ்சள் வாசம். பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். சோப்பும் சுண்ணாம்புக்குத் தம்பிதான். அலசுவதற்கு முன்பே மெஷின் நின்றதால் சிவப்பு அப்படியே தங்கியிருக்கிறது. பனியனில் இருந்ததும் துரு இல்லை. இதைச் சமையலறையில் எந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். கேட்க முடியாதபடி நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

என் ரத்தம் இல்லை என்பதில் ஒரு அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு, என் தலையணைக்குள் மஞ்சள் எப்படி வந்தது என்ற கேள்வி வந்தது. உறையை மறுபடியும் பெட்டியில் வைத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் எழுந்ததும் நேராகப் போய், மெஷினுக்கு அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தேன். இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். தேங்கியிருந்த தண்ணீர் தரையில் கொட்டியது. பில்டரை உருவினேன். பம்பின் விசிறி இருக்கும் இடத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. விரலை விட்டு இழுத்தேன். இரண்டு விரற்கடை அகலம். வெளுத்துப்போன மஞ்சள் துணி. அதில் முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு ரூபாய் நாணயம்.

காணிக்கை முடிந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டுதல் ஏதாவது இருந்தால் மஞ்சள் நனைத்த துணியில் காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். காரியம் நல்லபடியாக முடிந்தால் கோவில் உண்டியலில் போய்ச் சேரும். அதுவரை அது தொலையக் கூடாது. நான் இதையெல்லாம் கேலி பேசுகிறவன் என்பதால் கோமதி சாமி படத்துக்கு முன்னால் வைக்கவில்லை. என் தலையணை உறையின் மூலையில் உள்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறாள். சுற்றியதில் தையல் பிரிந்து, கதவு ரப்பர் இடுக்கு வழியாகப் பம்புக்கு இறங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது அவள் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, ஈரத்திலேயே உட்கார்ந்து, அந்த முடிச்சை என் கையிலிருந்து வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நான் போய் டூல்ஸ் பெட்டியைத் திறந்து உறையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"குப்பையில போட்டேன்னு சொன்னீக. இத எதுக்குப் பூட்டி வச்சீக?"

"ரத்தம்னு நெனச்சேன். நீ பாத்துருவியோன்னு."

"எந்தப் பல்ல பிடுங்குனதாச் சொன்னீக?"

"கீழ, எடது பக்கம், கடைசி."

"அது நம்ம தேனு பத்தாவது படிக்கையில பிடுங்குன பல்லு. நாந்தான கூட வந்தேன். பிடுங்குன பல்ல மறுபடி எப்படிப் பிடுங்குவாக?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னம் வலித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள், அந்தச் சோற்றையே உங்களால் மெல்ல முடியவில்லை என்று திட்டினாள். இரண்டு மாதமாக நான் வலது பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முதல் தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு மதுரையிலிருந்து நான் வந்த அன்று, வழக்கம்போல் சட்டைப் பையை வெளியே இழுத்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்திருக்கிறது. இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டித் தேன்மொழியிடம் போனில் சொல்லி அர்த்தம் கேட்டிருக்கிறாள். சீட்டை மறுபடியும் மடித்து அதே பையில் வைத்திருக்கிறாள். அன்று ராத்திரியே முடிந்து தைத்திருக்கிறாள். ஆகவே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்தது, ஓசூர்வரைக்கும் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள். "சொல்லல. சரி, காணிக்கையாச்சும் இருக்குன்னு நெனச்சேன். அதையும் துவைக்கப் போட்டுட்டீக. முடிஞ்சது தொலஞ்சு போச்சே, என்ன ஆகப் போவுதோன்னு பத்து நாளா நான் செத்துப் பொழச்சேன்."

"பயமா இருக்கு கோமதி" என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான்" என்றாள். காப்பி ஆறிப்போயிருந்தது. ஆறியதுதான் எனக்குக் குடிக்க வசதியாக இருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

இருவருமாக மதுரைக்குப் போனோம்.

புற்றுதான். ஆரம்ப நிலை. கழுத்துக்கு இறங்கவில்லை என்று நினைக்கிறார்கள், ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். 26ஆம் தேதி ஆபரேஷன். டாக்டரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோமதி ஏழு கேள்வி கேட்டாள். எத்தனை நாள் கஞ்சி, பேச்சு குழறுமா, மறுபடியும் வருமா, எல்லாம் கேட்டாள். ஏழாவது கேள்வி, இவர் இன்னும் எதையாவது உங்களிடம் சொல்லி என்னிடம் மறைத்தாரா என்பது. டாக்டர் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பத்து நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோள் மரத்துப்போயிற்று.

பிப்ரவரி 17, சனி

செந்தூரானுக்குப் போன் செய்து பம்ப் வேண்டாம் என்றேன். என்ன கோளாறு அண்ணாச்சி என்று கேட்டான். பில்டர்தான், அன்றைக்குப் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொன்னேன் என்றேன். மில்லிலும் நீங்கள் அப்படித்தான் என்றான்.

பின் தகட்டை மாட்டினேன். பதினாறு திருகைக் கழற்றியதில் ஒன்று மிச்சம். கோமதி துணி போட்டாள். ஒவ்வொரு பையாக வெளியே இழுத்தாள். நான் கிண்டல் செய்யவில்லை. தண்ணீர் நிறைந்தது, சுற்றியது, கடைசியில் கழிவுக் குழாய் வழியாக ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

புகார்: தண்ணீர் இறங்கவில்லை. காரணம்: கேட்காமல் துவைத்தது. செய்தது: மூடியைத் திறந்தது.

சாயங்காலம் கோமதி அந்த ஒரு ரூபாயைப் புதிய மஞ்சள் துணியில் முடிந்தாள். காரியம் இன்னும் முடியவில்லை, அதனால் உண்டியலுக்குப் போகும் நேரம் வரவில்லை. ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டி, கண் தெரியவில்லை, கோத்துக் கொடுங்கள் என்றாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது. மூன்றாவது முயற்சியில் கோத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை இரட்டை நூல் போடு என்றேன்.

புது உறையை விரித்து வைத்துக்கொண்டு எந்த மூலையில் தைக்கட்டும் என்று கேட்டாள்.

இடது பக்கம் என்றேன்.